புத்தூரின் கிணறும் வடமாகாணத்தின் தொகையும்: குடித்தொகை முற்கணிப்புப் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஒரு நாட்டின் மாகாணங்கள் வருங்காலத்தில் எவ்வாறு வளரும், எங்கே மக்கள் பெருகுவர், எங்கே பொருள் பெருகும் என்று முன்கூட்டிக் கணிப்பது பொருளியலாளரதும் புள்ளிவிபரவியலாளரதும் பணியென்றே பொதுவாகக் கருதப்படுகிறது. ஆயின், பழைய கணிப்புகளைச் சில பத்தாண்டுகள் கழித்து எடுத்து நோக்குமிடத்து அவை வரலாற்றுச் சான்றுகளாக மாறிவிடுவதைக் காண்கிறோம். கணித்தவர் எதனை அஞ்சினர், எதனை விரும்பினர், எதனைக் கருத்திற் கொள்ளவேயில்லை என்பனவெல்லாம் அவ்வெண்களிற் பொதிந்து கிடக்கின்றன. இலங்கையின் வடமாகாணத்தை எடுத்துக்கொண்டு இவ்விடயத்தை ஆராய்வதே எமது நோக்கமாகும். மாகாணம் முழுவதையும் ஒரே பார்வையில் அடக்குவது எளிதன்றாதலால், இயன்றவிடத்தெல்லாம் வலிகாமம் கிழக்கிலுள்ள புத்தூரில் நின்று நோக்க எண்ணுகிறோம். மண், நீர், வெளிநாட்டுப் பணம், இடப்பெயர்வு ஆகிய நான்கும் இவ்வூரின் வரலாற்றில் நெருங்கிக் கலந்திருப்பதே இத்தெரிவுக்குக் காரணம்.

யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குச் செல்லும் வீதியில் கோப்பாய், நீர்வேலி, சிறுப்பிட்டி என்பவற்றைக் கடந்தால் புத்தூர் வரும். மேற்கே செம்பாட்டுத் தோட்டங்கள். கிழக்கே வாதரவத்தைப் பக்கமாக நிலம் தாழ்ந்து, வயலும் உவர்த்தரையுமாகி உப்பாற்றை அடைகிறது. குடாநாட்டில் ஆறு எதுவும் இல்லை. மழைநீர் சுண்ணக்கற் பாறையின் வெடிப்புகளில் இறங்கி, கீழேயுள்ள கடல்நீரின்மேல் ஒரு மெல்லிய நன்னீர்ப் படலமாகத் தங்குகிறது. அந்நீரைக் கிணறுகள் வழியாக இறைத்தே இங்கு மக்கள் வாழ்ந்துவந்துள்ளனர். புத்தூருக்கு அண்மையில் நவக்கிரியிலுள்ள நிலாவரைக் கிணறு இவ்வமைப்பை வெளிப்படையாகக் காட்டுகிறது. மேலே நன்னீர், ஆழஞ் செல்லச் செல்ல உவர்நீர். அடியில்லாக் கிணறு என்று ஊரார் சொல்லிவந்த இதனைப்பற்றி எமேர்சன் தெனன்ற் 1859இல் வெளிவந்த தமது இலங்கை பற்றிய நூலிலும் எழுதியுள்ளார். நீர் வற்றாத கிணறு என்பதற்கும் நீர் கெடாத கிணறு என்பதற்கும் உள்ள வேறுபாடே குடாநாட்டின் பொருளாதாரத்துக்கு அடிப்படை. பின்வந்த கணிப்பாளர் பலர் இவ்வேறுபாட்டைக் கவனித்தாரல்லர்.

மக்களை எண்ணும் வழக்கம் இங்கு பழையது. போத்துக்கேயரும் அவர்களைத் தொடர்ந்து ஒல்லாந்தரும் குடாநாட்டைக் கோயிற்பற்றுகளாகப் பிரித்தபோது புத்தூரும் வலிகாமத்துக் கோயிற்பற்றுகளில் ஒன்றாயிற்று. 1672இல் வெளியான தமது நூலில் பல்தேயு பாதிரியார் இதனைக் குறிப்பிட்டுள்ளார். ஒல்லாந்தரின் தோம்புகளில் நிலமும் குடியும் சாதியும் இறையும் பதியப்பட்டன. ஆனால் அவ்வெண்ணிக்கை இன்றிருப்பதை அறிந்து இறைபெறுதற்கு உரியதேயன்றி நாளை வருவதை அறிதற்கு உரியதன்று. ஊழியம் செய்ய எத்தனை பேர் உளர் என்பதே ஆட்சியாளரின் கேள்வி. வருங்காலத் தொகையைக் கணிக்கவேண்டிய தேவை, அரசு மக்களுக்கு எதையேனும் வழங்கும் கடப்பாட்டை ஏற்றபின்னரே எழுகிறது. பாடசாலை, மருத்துவம், உணவுப் பங்கீடு, பிரதிநிதித்துவம் ஆகியன வந்தபின்னரே முற்கணிப்பும் வந்தது.

தீவு முழுவதையும் தழுவிய முதலாவது முறையான குடிசன மதிப்பீடு 1871இல் நடைபெற்றது. அதனைத் தொடர்ந்த மதிப்பீடுகளுள் 1901ஆம் ஆண்டுக்குரியது சேர் பொன்னம்பலம் அருணாசலத்தின் பொறுப்பில் நிகழ்ந்தது; அவ்வறிக்கை இன்றும் படித்துப் பயன்பெறத்தக்கது. அவ்வாண்டில் வடமாகாணத்தின் குடித்தொகை 340,936. தீவின் மொத்தத் தொகையில் இது ஏறத்தாழ 9.6 சதவீதம். 1946இல் மாகாணத்தின் தொகை 4 இலட்சத்து 80 ஆயிரத்தை அண்டியது; தீவின் பங்கிலோ 7.2 சதவீதமாகக் குறைந்தது. நாற்பத்தைந்து ஆண்டுகளில் மாகாணம் நூற்றுக்கு நாற்பது வரை வளர, தீவு நூற்றுக்கு எண்பத்தாறுக்குமேல் வளர்ந்துள்ளது.

இவ்வீழ்ச்சியை விளக்குதற்கு மூன்று காரணங்கள் போதும். மலைநாட்டுத் தோட்டங்களுக்குத் தென்னிந்தியத் தொழிலாளர் வந்து குடியேறியமையால் மத்திய, ஊவா, சப்பிரகமுவா மாகாணங்களின் தொகை பெருகியது; வடமாகாணத்துக்கு அத்தகைய வரவு இருக்கவில்லை. இரண்டாவது, வன்னி மலேரியாவின் பிடியிலிருந்தது. ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டக் கைநூலைப் படிப்போர், பழைய குளங்கள் தூர்ந்து ஊர்கள் காடாகிய ஒரு நிலப்பரப்பையே காண்பர். மூன்றாவது, குடாநாட்டின் படித்த இளைஞர் கொழும்புக்கும் மலாயாவுக்கும் சென்றனர்.

இம்மூன்றாவது காரணம் தனியே சிந்திக்கத்தக்கது. ஐக்கிய மலாய் அரசுகளின் புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் ஊழியம் பார்த்த யாழ்ப்பாணத்தவர் அனுப்பிய காசுக்கட்டளைகள் வலிகாமத்துக் கிராமங்களில் கல்வீடுகளாகவும் கோயிற் திருப்பணிகளாகவும் பள்ளிக்கூடங்களாகவும் மாறின. மக்கள் குறையப் பொருள் பெருகிய காலம் அது. மாகாணமொன்றின் பொருளாதார வளர்ச்சியும் குடித்தொகை வளர்ச்சியும் கைகோத்துச் செல்லும் என்ற எடுகோள் பல முற்கணிப்புகளுக்கு அடித்தளமாக உள்ளது. அது யாழ்ப்பாணத்துக்கு ஒருபோதும் முழுமையாகப் பொருந்தியதில்லை. 1920ஆம் ஆண்டளவில் புத்தூரில் நின்று ஒருவர் விளைச்சலை மட்டும் அளந்து ஊரின் செல்வத்தைக் கணித்திருந்தால், கோலாலம்பூரிலிருந்து வந்த பணத்தைத் தவறவிட்டிருப்பார். இரண்டாம் உலகப்போரில் யப்பானியர் மலாயாவைக் கைப்பற்றியதும் அவ்வரவு நின்றுபோனமை எந்த விளைச்சற் கணக்கிலும் தோன்றாத ஒரு பேரிழப்பு. பிற்காலத்திற் கனடாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வந்த பணத்தைப்பற்றி எழுதுவோர் இம்முன்னோடியை மறந்துவிடுவது எமக்கு வியப்பளிக்கிறது.

குடித்தொகை அரசியற் பொருளுடையதாகியமைக்கு 1940களின் அரசியல் திருத்தங்கள் நல்ல உதாரணம். சோல்பரி அரசியலமைப்பின்படி மாகாணங்களுக்குப் பாராளுமன்றத் தொகுதிகள் பகிரப்பட்டபோது 75,000 மக்களுக்கு ஒன்று, 1,000 சதுரமைலுக்கு ஒன்று என்னும் அளவை கையாளப்பட்டது. மக்கள் செறிவு குறைந்த பகுதிகளுக்குப் பாதுகாப்பளிப்பதே நிலப்பரப்பைச் சேர்த்தமையின் நோக்கம். வடமாகாணத்துக்கு மக்கட்தொகையால் ஆறு, பரப்பால் மூன்று என ஒன்பது தொகுதிகள் 1947இற் கிடைத்தன. புத்தூர் கோப்பாய்த் தொகுதியில் அடங்கியது. வன்னியின் வெற்றுக் காடுகளே மூன்று ஆசனங்களைத் தந்தன எனின் அது மிகையன்று.

சுதந்திரத்தை அடுத்து முற்கணிப்பு அரசின் பணியாயிற்று. அதற்கு உடனடித் தூண்டுதலாயமைந்தது இறப்பு வீதத்தின் வீழ்ச்சியே. 1946இல் ஆயிரத்துக்கு 20ஐ அண்டியிருந்த இறப்பு வீதம் 1947இல் 14 அளவுக்குத் தாழ்ந்தது. டி.டி.ரி. தெளித்தமையே காரணம் என்பாரும், உணவுப் பங்கீடும் சுகாதார சேவையும் விரிந்தமையே காரணம் என்பாரும் உளர். அவ்விவாதம் இன்னும் முற்றுப்பெறவில்லை. எதுவாயினும், பிறப்பு குறையாது இறப்பு மட்டும் குறைந்தமையால் தீவின் தொகை 1946இல் 66 இலட்சமாக இருந்து 1953இல் 81 இலட்சத்தை எட்டியது. 1959இல் தேசியத் திட்டமிடற் சபை பத்தாண்டுத் திட்டத்தை வெளியிட்டது. கல்டோர், ஜோன் றொபின்சன், மிர்டால் முதலிய பெரும் பொருளியலாளர்கள் இலங்கைக்கு வந்து ஆலோசனை கூறிய காலம் அது. திட்டமிடற் செயலகத்துக்காக எஸ். செல்வரத்தினம் 1956 முதல் 1981 வரைக்குமான குடித்தொகைக் கணிப்பைத் தயாரித்தார். வயதுவாரியாக மக்களைப் பகுத்து, ஒவ்வொரு பகுதியினரும் எத்தனை பேர் பிழைத்திருப்பர், எத்தனை பிள்ளைகள் பிறப்பர் என்று ஐந்தாண்டுக்கொருமுறை முன்னகர்த்தும் முறை அதிற் கையாளப்பட்டது. இதே ஆசிரியர் றைற், ஜோன்ஸ் ஆகியோருடன் சேர்ந்து 1968 முதல் 1998 வரைக்குமான புதிய கணிப்பொன்றை 1970இல் வெளியிட்டார்.

நாடு முழுவதற்கும் இம்முறை நன்கு பயன்படும். மாகாணத்துக்கு இறங்கும்போதோ பிறப்பையும் இறப்பையும்விடப் பெயர்ச்சியே முதன்மை பெறுகிறது. பெயர்ச்சியை முன்னறிய எந்த வாய்ப்பாடும் இல்லை. ஆதலால் திட்டமிடுவோர் பெரும்பாலும் மாகாணத்தின் கடந்தகாலப் பங்கை எதிர்காலத்துக்கு நீட்டுவர். கடந்தகாலம் நேர்கோடாகச் சென்றிருந்தால் மட்டுமே இது பலிக்கும்.

வடமாகாணத்தின் கோடு பின்னர் திசைமாறியது. 1981இல் மாகாணத்தின் தொகை 1,109,404. தீவில் அதன் பங்கு 7.5 சதவீதத்தை அண்டியது. நெடுங்காலம் சரிந்துவந்த பங்கு ஏறத் தொடங்கியமை வன்னியால் விளைந்தது. குடாநாட்டின் நெருக்கத்தையும் வேலையின்மையையும் தணிக்கவென 1936இல் கிளிநொச்சியில் இரணைமடுக் குளத்தை ஆதாரமாகக் கொண்டு குடியேற்றம் தொடங்கியிருந்தது. மலேரியா அடங்கியபின் அது வேகங்கொண்டது. 1958, 1977 ஆகிய ஆண்டுகளின் கலவரங்களால் இடம்பெயர்ந்த மலையகத் தமிழர் பலரும் வவுனியா, கிளிநொச்சிப் பகுதிகளில் வந்து குடியேறினர். வலிகாமத்துப் பிள்ளைகள் வன்னிக்குச் சென்று நெல்லும் மிளகாயும் செய்வதும், ஊர்க் காணியைப் பெற்றோர் பார்ப்பதும் 1960களிலும் 1970களிலும் வழமையாயின.

குடாநாட்டுக்குள்ளேயோ வளர்ச்சி நீரின்மேல் நின்றது. இறக்குமதிக் கட்டுப்பாடுகள், சிறப்பாக 1970 முதல் 1977 வரை, மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் நல்ல விலையைக் கொடுத்தன. உருளைக்கிழங்கு, திராட்சை ஆகியனவும் செம்பாட்டு நிலத்தில் இடம்பிடித்தன. துலாமிதித்து இறைத்த கிணறுகளில் மண்ணெண்ணெய் இயந்திரங்கள் பொருத்தப்பட்டன. ஒருவர் துலாவில் ஏறி மிதிக்க மற்றவர் பட்டையை ஊற்றி, காலை முழுதும் இறைத்த பரப்பை இயந்திரம் ஒரு மணித்தியாலத்தில் நனைத்துவிடும். நிலாவரை நீரும் இயந்திரத்தால் இறைக்கப்பட்டு அயற் தோட்டங்களுக்குப் பாய்ச்சப்பட்டது. தோட்டக்காரனின் வருவாய் அரச எழுதுவினைஞரின் சம்பளத்தை மிஞ்சிய ஆண்டுகள் அவை. பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் புகுத்தப்பட்ட 1970களின் தொடக்கத்தில், கந்தோர் வேலைக் கதவு அடைபட்ட இளைஞர் பலர் தோட்டத்துக்குத் திரும்பியமைக்கும் இவ்வருவாய் ஒரு காரணம். 1976இல் ஒருவர் யாழ்ப்பாண மாவட்டத்தின் பொருளாதார வளர்ச்சியை முற்கணித்திருந்தால் மிக உயர்ந்த ஓர் எண்ணையே தந்திருப்பார். 1977இல் புதிய அரசு இறக்குமதியைத் திறந்துவிட்டதும் அவ்விலைகள் சரிந்தன. புத்தூரின் தோட்டத்தில் மண்ணும் மாறவில்லை, உழைப்பும் மாறவில்லை. கொழும்பில் எடுக்கப்பட்ட ஒரு தீர்மானம் அதன் வளர்ச்சி வீதத்தை மாற்றியது.

நீர்க்கணக்கை முன்வைத்து வளர்ச்சியைச் சிந்தித்தவர் ஒருவர் இருந்தார் என்பதை இங்கு மறத்தலாகாது. நீர்ப்பாசனப் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் 1950களில் வகுத்த யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு என்னும் திட்டம், கனகராயன் ஆற்றின் மிகைநீரை ஆனையிறவுக் கடல்நீரேரியில் தேக்கி, முள்ளியான் வாய்க்காலால் வடமராட்சி நீரேரிக்கும் அதனூடாக உப்பாற்றுக்கும் கொண்டுவந்து, நீரேரிகளைக் காலப்போக்கில் நன்னீராக்குவதை நோக்கமாகக் கொண்டது. தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் தடுப்பணைகள் எழுந்தன; இணைப்பு வாய்க்கால் முற்றுப்பெறவில்லை. நிறைவேறியிருந்தால் அதன் பயனை முதலிற் கண்டிருக்கும் ஊர்களுள் வாதரவத்தையை அடுத்த புத்தூர்க் கிழக்கும் ஒன்று. எத்தனை பேரை இந்நிலம் தாங்கும் என்று கேட்டு, பின்னரே எத்தனை பேர் இருப்பர் என்று கேட்டமை இத்திட்டத்தின் சிறப்பு எனக் கருதுகிறோம். அவ்வாறு கேட்காது உரத்தையும் இறைப்பையும் பெருக்கியதன் விளைவாக, 1980களிலேயே குடாநாட்டுக் கிணற்று நீரில் நைத்திரேற்று மிகுந்திருப்பதை ஆய்வாளர் எடுத்துக்காட்டினர்.

1981இன் பின் கணிப்புகள் யாவும் பயனற்றுப்போயின. 1983இலிருந்து போர், 1990இல் வடமாகாண முஸ்லிம்கள் தம் ஊர்களிலிருந்து வெளியேற்றப்பட்டனர், 1995 ஒக்டோபரில் இராணுவம் அச்சுவேலி, புத்தூர், நீர்வேலி வழியாக முன்னேற, அம்மாத இறுதியில் வலிகாமத்து மக்கள் ஏறத்தாழ முழுவதும் தென்மராட்சிக்குப் பெயர்ந்தனர். 2001ஆம் ஆண்டின் மதிப்பீடு பதினெட்டு மாவட்டங்களில் மட்டுமே முழுமையாக நடைபெற்றது. ஆகவே 1981க்கும் 2012க்கும் இடையே, முப்பத்தொரு ஆண்டுகள், வடமாகாணத்துக்கு முழுமையான மதிப்பீடு இல்லை. 2012இல் மாகாணத்தின் தொகை 1,061,315. ஒரு தலைமுறை கழிந்தபின்னும் 1981இன் தொகையைவிட அது குறைவு.

ஒரு சிறு கணக்கை இவ்விடத்திற் செய்து பார்ப்போம். 1981இல் இருந்த பங்கு அப்படியே நீடித்திருப்பின், 2012இல் தீவின் தொகை 20,359,439 ஆனபோது வடமாகாணத்தில் 15 இலட்சத்து 20 ஆயிரம் பேரளவில் இருந்திருக்கவேண்டும். குறைவு நாலரை இலட்சத்துக்கும் மேல். இவ்வெண்ணை மாண்டோர் தொகையாகக் கொள்வது பெருந்தவறு. புலம்பெயர்ந்தோர் தொகையாகக் கொள்வதும் தவறே. இறந்தோர், கடல் கடந்தோர், கொழும்பிலும் பிறவிடங்களிலும் நிலைத்தோர் ஆகியோருடன், அவர்கள் இங்கு இருந்திருந்தாற் பிறந்திருக்கக்கூடிய பிள்ளைகளும் இதிற் சேர்வர். மறுபுறம், போர் இல்லாதிருந்தாலும் பிறப்பு வீதம் ஏனைய மாவட்டங்களைப்போலக் குறைந்தே இருக்கும். வெளிநாட்டு வேலைக்குச் செல்வோரும் இருந்திருப்பர். எனவே அந்த எண் ஓர் இடைவெளியின் அளவே. அவ்விடைவெளியுள் இருப்பது எது என்பதை அது தனித்துச் சொல்லாது.

மாகாணத்துக்குள்ளும் மாற்றம் ஒரே சீராக இல்லை. இன்றைய எல்லைகளின்படி யாழ்ப்பாண மாவட்டம் 1981இல் 738,788 பேரைக் கொண்டிருந்தது, 2012இல் 583,882. நூற்றுக்கு இருபத்தொன்று குறைந்தது. வவுனியாவோ 95 ஆயிரத்திலிருந்து 1 இலட்சத்து 72 ஆயிரமாயிற்று. கிளிநொச்சியும் முல்லைத்தீவும் இறுதிப் போரின் பேரழிவைச் சந்தித்தபின்னரும் 1981ஐ விடக் கூடிய தொகையையே காட்டின. மாகாணச் சராசரியை மட்டும் பார்ப்பவருக்கு ஏறத்தாழ அசையாத ஓர் எண்ணே தெரியும். அதனுள் குடாநாடு காலியாகி வன்னி நிரம்பிய கதை மறைந்து கிடக்கிறது.

இவ்வெண்கள் ஏட்டில் உறங்குவன அல்ல. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின்படி ஒவ்வொரு மாகாணத்துக்கும் நான்கு ஆசனங்கள் ஒதுக்கியபின் 160 ஆசனங்கள் பதிவுசெய்த வாக்காளர் தொகைக்கேற்பப் பகிரப்படுகின்றன. கிளிநொச்சியையும் உள்ளடக்கிய யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு 1989இல் பதினொரு ஆசனங்கள் இருந்தன. 2010இல் ஒன்பது, 2015இலும் 2020இலும் ஏழு, 2024இல் ஆறு. ஊரைவிட்டுச் சென்றவரின் பெயர் இடாப்பிலிருந்து நீங்கும்போது அவரது வீட்டு வேலி மட்டுமன்றி, வேலிக்கு இப்பால் இருப்பவரின் குரலும் தாழ்கிறது. 1947இல் வெற்று நிலத்துக்கும் குரலிருந்தது என்பதை ஒப்பிட்டு நோக்குக.

போர் முடிந்தபின் மத்திய வங்கியின் மாகாணவாரியான உற்பத்திக் கணக்குகளில் வடமாகாணம் சில ஆண்டுகள் நூற்றுக்கு இருபதுக்கு மேற்பட்ட பெயரளவு வளர்ச்சியுடன் முன்னணியில் நின்றது. ஏ-9 வீதி திறந்தது, வங்கிக் கிளைகள் பெருகின, வீடுகளும் வீதிகளும் எழுந்தன. இவ்வீதத்தை நீட்டி, பத்தாண்டுகளில் வடக்கு ஏனைய மாகாணங்களை எட்டிப்பிடிக்கும் என்று எண்ணியோர் பலர். மிகத் தாழ்ந்த அடித்தளத்திலிருந்து எழும் எதுவும் முதலில் வேகமாகவே எழும் என்பதை அவர்கள் கருதவில்லை. கட்டுமானம் ஓய்ந்ததும் வீதமும் ஓய்ந்தது. மேல்மாகாணம் நாட்டின் உற்பத்தியில் ஐந்தில் இரண்டு பங்கை அண்டி நிற்க, வடமாகாணத்தின் பங்கு நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவாகவே இருந்துவந்துள்ளது.

நீர் விடயத்தில் முற்கணிப்பு நேரடியாகவே மோதலுக்கு இடமளித்தது. யாழ்ப்பாணத்தின் வருங்காலக் குடிநீர்த் தேவையைக் கணக்கிட்டு, இரணைமடுவிலிருந்து குழாய்வழி நீர் கொண்டுவரும் திட்டம் போருக்குப்பின் முன்வைக்கப்பட்டது. கிளிநொச்சி விவசாயிகள் அதனை எதிர்த்தனர். தமக்கே சிறுபோகத்துக்குப் போதாத நீரை எங்ஙனம் பகிர்வது என்பது அவர்கள் வாதம். 1936இல் குடாநாட்டின் மிகைத்தொகையைத் தாங்கவென எந்தக் குளத்தடியில் அவர்களின் முன்னோர் குடியேற்றப்பட்டனரோ, அதே குளத்தின் நீரை எட்டுப் பத்தாண்டுகளின் பின் குடாநாடு கேட்டது. இறுதியில் கடல்நீரைச் சுத்திகரிப்பதே வழியாயிற்று. வடமராட்சி கிழக்கில் தாளையடி நிலையம் 2024 ஓகஸ்டில் திறந்துவைக்கப்பட்டது. அவ்வாண்டின் இறுதி மாதங்களிலேயே குடிசன மதிப்பீடும் நடைபெற்றது. அதன் முதற் பெறுபேறுகளின்படி தீவின் தொகை 2 கோடியே 17 இலட்சம். வடமாகாணத்தின் பங்கு 5.3 சதவீதம், மாகாணங்களுள் மிகக் குறைந்தது. தொகையளவில் மாகாணம் 1981ஐச் சற்றே தாண்டிவிட்டது. யாழ்ப்பாண மாவட்டமோ இன்னும் ஆறு இலட்சத்தை எட்டவில்லை. குழாய்கள் மட்டும் அதனிலும் பெரியதொரு யாழ்ப்பாணத்தை எண்ணி அளவிடப்பட்டவை.